சிட்டு செத்ததை யார் பார்த்தது?

புதன்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அவள் மேசைமேல் ஒரு தாள் வந்து விழுந்தது. அடுத்த மாத இதழின் இரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடவேண்டிய அறிவிப்பு. நாலே வரி.

'அன்பான வாசகர்களுக்கு, நமது ஒன்பதாம் சுரங்கம் மாத இதழில் தொண்ணூற்றாறாம் எண் முதல் இருநூற்றுப் பதினான்காம் எண் வரை வந்த கதைகள் இனித் தொடரின் வரலாற்றில் சேரா. அவை நடக்கவில்லை என்று கொள்ளவும். புதிய படத்திலிருந்து வரலாறு தொடரும்.'

அவள் அதை நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து ஒரு தடவை படித்தாள். நூற்றுப் பத்தொன்பது இதழ். பத்து வருஷம். நடக்கவில்லையாம்.

அந்தக் கட்டடத்தில் அவளை எல்லாரும் வருஷக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டில் வேறு பெயர் இருக்கிறது, அது சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும். ஐம்பத்தொரு வயது. மூக்குக்கண்ணாடி கயிற்றில் தொங்கும். மூன்றாம் மாடியில், ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் மட்டும் தெரியும் ஒரு அறையில், பதினெட்டு வருஷமாக ஒரே வேலை. நடக்காத காலத்துக்கு வரலாறு எழுதுவது. எழுதுவதைவிட, எழுதியதைக் காப்பது.

ஒன்பதாம் சுரங்கம் என்பது விண்வெளித் திகில் தொடர். நாலு படம், இருநூற்றுப் பதினாலு மாத இதழ், நாற்பது வானொலி நாடகம். கதை நடப்பது 2140க்கும் 2260க்கும் நடுவில். ஒரு சுரங்கக் கம்பெனி தொலைதூர நிலவு ஒன்றில் ஒன்பதாவது குழி தோண்டுகிறது. குழிக்குள் ஏதோ தூங்கிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் மூச்சுண்ணி. மனிதனின் நுரையீரலுக்குள் போய்க் குடியிருக்கும், அவன் மூச்சை அவனுக்கு முன்னால் அது இழுக்கும். கம்பெனிக்கு அது தெரியும். தெரிந்தே ஆள் அனுப்புகிறது. அந்த ஆட்களில் ஒருத்தி வெல்டர். தொடரின் நாயகி அவள்தான், அவளுக்கும் அதைத் தவிர வேறு பெயர் கிடையாது. அவளுக்கு ஒரு மகள், சிட்டு. 2188இல் ஏழு வயது மகளை விண்வெளி வளைய நிலையத்தில் விட்டுவிட்டு, வயது ஏறாமல் உறையவைத்துத் தூங்கவைக்கும் உறைதூக்கப் பெட்டியில் படுத்து வெல்டர் சுரங்கத்துக்குப் போகிறாள். 2191இல், பத்து வயதில், சிட்டு செத்துப்போகிறாள். தொண்ணூற்றாறாம் இதழ். அந்த இதழ் வந்தபோது வாசகர்கள் அழுது எழுதிய கடிதங்கள் இரண்டு சாக்கு நிறைய வந்தன. அதற்குப் பிறகு வந்த நூற்றுப் பதினெட்டு இதழிலும் வெல்டர் செய்த எல்லாமே அந்தச் சாவுக்காகச் செய்ததுதான்.

இப்போது ஐந்தாவது படம். சுவரொட்டி ஊரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. 2213ஆம் வருஷம். முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி கையில் விளக்கோடு குழிக்குள் இறங்குகிறாள். அடியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: சிட்டு வந்துவிட்டாள்.

செத்தவள் எப்படி வருவாள் என்று இயக்குநர் யாரிடமும் கேட்கவில்லை. அவர் படங்கள் மட்டும் பார்த்தவர். நாலு படத்திலும் சிட்டு சாகவில்லை. இதழில் செத்தாள். இயக்குநர் இதழ் படிப்பதில்லை.

தாளைக் கையில் பிடித்தபடி அவள் இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். மேலாளர் ஏழு மாதத்துக்கு முன் சோப்புக் கம்பெனியிலிருந்து வந்தவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. யாரிடமும் கத்தமாட்டார். கத்தாமலே கழுத்தில் கை வைப்பார்.

"உட்காருங்க மேடம். படிச்சீங்களா?"

"படிச்சேன் சார். பத்து வருஷக் கதைய நாலு வரியில துடைச்சு எடுத்திருக்கீங்க."

"துடைக்கல மேடம். ஒதுக்கி வைக்கறோம். பழைய இதழ் வீட்டுல இருக்கறவங்க வெச்சுக்கட்டுமே, யாரு புடுங்கப் போறா?"

"நடக்கலன்னு நாமளே சொல்லிட்டா அப்புறம் எதுக்கு வெச்சுப்பாங்க?"

மேலாளர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "சரி, நீங்களே சொல்லுங்க. சிட்டு செத்தது இதழ்ல இருக்கு. படத்துல உயிரோட இருக்கா. ரெண்டும் எப்படி ஒண்ணா நிக்கும்?"

"எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க" என்றாள்.

"வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு இயக்குநர் வர்றார். இதழ் அன்னிக்கு ஆறு மணிக்கு அச்சுக்குப் போகுது. நாலு மணிக்கு நீங்க வழி சொன்னா இந்த அறிவிப்பு போகாது. சொல்லலேன்னா போகும். அது போனா..." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "புதுசா வரலாறு ஆரம்பிக்கறோம். புதுசுக்குப் புது ஆளுங்க பாத்துப்பாங்க. உங்களுக்குப் புரியும்னு நினைக்கறேன்."

புரிந்தது. நன்றாகவே புரிந்தது.

அவள் வேலை செய்யும் முறையை இங்கே சொல்லியாகவேண்டும், இல்லாவிட்டால் மீதி விளங்காது. சுவரோரம் இரும்பு அலமாரி, அதில் முப்பத்தாறு இழுப்பறை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு கார்டு. வருஷம், ஆள், என்ன நடந்தது, எந்த இதழ், எந்தப் பக்கம். ஒவ்வோர் ஆளுக்கும் இரண்டு வயது எழுதுவாள்: காலண்டர் வயது ஒன்று, உறைதூக்கத்தைக் கழித்த உடம்பு வயது ஒன்று. கார்டின் வலது மேல்மூலையில் ஒரு கட்டம். அதன் தலைப்பு, யார் பார்த்தது? அதில் இரண்டில் ஒரு சொல்தான் வரும். கண்டது, அல்லது சொன்னது. வாசகன் தன் கண்ணால் படத்தில் பார்த்தது என்றால் கண்டது. கதையில் ஓர் ஆள் வாயால் சொன்னது மட்டும் என்றால் சொன்னது. சொன்னவன் பொய் சொல்லியிருக்கலாம், தப்பாகச் சொல்லியிருக்கலாம், நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். கண்டதை மட்டும் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது. எழுத்தாளர்கள் வருவார்கள், போவார்கள், ஒருத்தன் கொன்றவனை இன்னொருத்தன் எழுப்பி உட்கார வைப்பான். எல்லா முடிச்சையும் அவள் அந்த ஒரு கட்டத்தை வைத்துத்தான் அவிழ்த்திருக்கிறாள்.

இழுப்பறை பதினேழைத் திறந்து சிட்டுவின் கார்டை எடுத்தாள். பார்க்காமலே அவளுக்குத் தெரியும் அதில் என்ன இருக்கும் என்று. 2191. சிட்டு, பத்து வயது, மூச்சுண்ணியால் இறந்தாள். இதழ் 96, பக்கம் 22. மூலையில், அவள் கையெழுத்தில், கண்டது.

இருந்த ஒரே வழியும் அடைபட்டுவிட்டது.

மத்தியானம் இயக்குநரைப் போய்ப் பார்த்தாள். படப்பிடிப்புக் கூடத்தில் மரச்சட்டம் அடித்துக் குழி கட்டிக்கொண்டிருந்தார்கள். ரம்பச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்தித்தான் பேசினார். முப்பத்தைந்து வயதிருக்கும், உட்காரவே தெரியாத மனிதர்.

"அக்கா, சிம்பிள். செத்தது நகல்னு வெச்சுக்கங்க. கம்பெனி நகல் எடுத்து வெச்சிருந்தது. முடிஞ்சது கதை."

"இந்த உலகத்துல நகல் எடுக்கற மெஷின் கிடையாதுங்க. இருந்திருந்தா முதல் படத்துல ஆளுக்குப் பஞ்சம்னு எதுக்கு வெல்டரை அனுப்பினாங்க? நகலை அனுப்பியிருப்பாங்களே."

"அப்ப இரட்டைப் பிள்ளை."

"முதல் படத்துல பிரசவ சீனை நீங்கதானே ரொம்பப் புடிக்கும்னு பேட்டி குடுத்தீங்க? ஒத்தப் பிள்ளைதான் பொறந்துச்சு. ஜனங்க எண்ணிட்டாங்க."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த இதழெல்லாம் எத்தனை பேர் படிச்சாங்க? என் படத்தை அதைவிட நூறு மடங்கு பேர் பார்ப்பாங்க. நூறு பேருக்காக ஒருத்தரைக் கைவிட்டா தப்பா?"

"அந்த ஒருத்தர் இல்லாட்டி நாலாவது படத்துக்கும் அஞ்சாவது படத்துக்கும் நடுவுல எட்டு வருஷம் இந்தப் பேரை யாரு உயிரோட வெச்சிருந்தா? நீங்களா?"

சட்டம் அடித்துக்கொண்டிருந்த தச்சர் ரம்பத்தை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தார். இயக்குநர் திரைக்கதையின் ஒரு பிரதியை அவள் கையில் கொடுத்தார். "படிச்சுப் பாருங்க. வழி கிடைச்சா எனக்கும் சந்தோஷம்தான். என் வேலை வெள்ளிக்கிழமையோட நிக்காது, அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்தாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் எப்போதும் கிரீஸ் வாசனை, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாது. தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"என்னம்மா, இன்னிக்கு எந்த வருஷத்துல இருக்கே?"

"ரெண்டாயிரத்து நூத்துத் தொண்ணூத்தொண்ணு."

"அங்க சாப்பாடு இருக்கா? இங்க ஆறிட்டிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அவர் தட்டை வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "விட்டுத் தள்ளேன். பதினெட்டு வருஷம் மாடு மாதிரி உழைச்சாச்சு. வேற வேலை கிடைக்காதா?" என்றார்.

"எனக்கு வேற வேலை கிடைக்கும்ங்க. வெல்டருக்குக் கிடைக்காது."

"யாரு, இல்லாத பொம்பளைக்கா?"

"ஆமா. அந்த இல்லாத பொம்பளைதான். பத்து வருஷமா மாசாமாசம் அவளை நான் பத்திரமா வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். நீங்க ஒரு லிஃப்டைப் பூட்டிட்டு, இப்படி ஒரு லிஃப்டே இருந்ததில்லைன்னு போர்டு மாட்டுவீங்களா?"

அவர் ஆறிய சோற்றை அவள் பக்கம் நகர்த்தினார். "உள்ள ஆள் இருந்தா மாட்டமாட்டேன்" என்றார்.

வியாழக்கிழமை காலை அவள் நேராகக் கீழ்த்தளக் கிடங்குக்குப் போனாள். பழைய இதழ்களைப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி அட்டைப்பெட்டியில் வைத்திருப்பார்கள். ஈரம் ஏறிய காகித நாற்றம். அவள் மனதில் இருந்தது கடைசி முயற்சி, அற்ப முயற்சி. செத்துக் கிடந்த முகத்தை ஓவியர் கொஞ்சம் மாற்றி வரைந்திருந்தால் அது வேறொரு குழந்தை என்று சொல்லலாம். மூக்கோ காதோ, ஏதாவது ஒன்று ஒத்துப்போகாமல் இருந்தால் போதும். ஒரு காதுக்காகத் தொண்ணூற்றாறாம் இதழைத் தேடினாள்.

பக்கம் இருபத்திரண்டு. மேல் கட்டத்தில் வெல்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறாள். நடுக் கட்டத்தில் இரும்புக் கட்டில், அதன்மேல் துணி, துணிக்கு அடியில் சின்ன உருவம். பக்கத்தில் கம்பெனி அதிகாரி நிற்கிறான். அவன் வாயிலிருந்து வரும் குமிழியில் எழுதியிருந்தது: 'உன் மகள்தான். முகத்தைப் பார்க்காதே. பார்க்கும்படி எதையும் அது விட்டுவைக்கவில்லை.' கீழ்க் கட்டத்தில் வெல்டர் துணியின்மேல் முகம் புதைத்து அழுகிறாள்.

அவ்வளவுதான். துணி விலகவே இல்லை.

வருஷக்காரி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். முந்தின பக்கத்துக்குப் போனாள். தொண்ணூற்றேழாம் இதழை எடுத்துப் பிரித்தாள். அதில் அடக்கம் முடிந்து இரண்டு மாதம் ஆகிவிட்டிருந்தது. சிட்டுவின் முகம் எங்கேயும் இல்லை. காது மாறியிருக்கிறதா என்று தேடி வந்தவளுக்கு முகமே இல்லை என்று தெரிந்தால் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. ஏனென்றால் கண்டது என்று எழுதியது அவள் கை.

எப்படி எழுதினாள் என்பதும் உடனே ஞாபகம் வந்தது. கார்டு போட ஒரே ஒரு விதிதான் உண்டு, அதை வைத்ததே அவள்தான். அச்சாகி வந்த பக்கத்தைப் பார்த்துத்தான் கார்டு எழுதவேண்டும். எழுத்தாளரின் பிரதியைப் பார்த்து எழுதக்கூடாது. பிரதியில் ஆயிரம் இருக்கும், அச்சில் எது வந்ததோ அதுதான் நடந்தது. அந்த விதியை அவள் நாலே மாதம் மீறினாள். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நாலு மாதம். தொண்ணூற்று நாலாம் இதழிலிருந்து தொண்ணூற்றேழு வரை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, பிரதியை மடியில் வைத்துக்கொண்டு கார்டு எழுதினாள். பிரதியில் இருந்த வரி இப்போதும் அவளுக்குத் தெரியும்: துணி விலகுகிறது, சிட்டுவின் முகம். அப்புறம் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அம்மா போனாள். சரிபார்க்கவில்லை. பத்து வருஷமாக வந்த எழுத்தாளன் ஒவ்வொருத்தனும் அந்தக் கார்டை நம்பித்தான் சிட்டுவைப் புதைத்தான்.

இதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாலாம் மாடிக்கு ஏறினாள். ஓவியர் அறுபதை நெருங்குகிறவர். விரலிலிருந்து மை போனதே இல்லை என்பதால் அவரை மைக்காரர் என்பார்கள். அவள் பக்கத்தை விரித்து அவர்முன் வைத்தாள்.

"அண்ணே, பிரதியில துணி விலகணும்னு இருந்துச்சு. நீங்க விலக்கல."

மைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். "அட, ஆமா."

"ஏன் விலக்கல?"

"முகம் வரைய அரை நாள் ஆகும்மா. துணி வரைய அஞ்சு நிமிஷம். அன்னிக்குப் பக்கம் ரெண்டு மணிக்குப் போகணும், எனக்கு இன்னும் நாலு பக்கம் பாக்கி."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்? பச்சைப் பிள்ளை முகத்தை வரைய மனசு வரலன்னு சொன்னா நல்லாயிருக்கும். ஆனா அதில்ல. நேரமில்ல." அவர் தலையைச் சொறிந்தார். "யாரும் ஒண்ணும் கேக்கல. நீகூடக் கேக்கல. சரி, நல்லாத்தான் இருக்கு போலன்னு விட்டுட்டேன். ஏன், இப்ப தப்பாப் போச்சா?"

"நீங்க வரைஞ்சது சரிண்ணே. நான் எழுதினதுதான் தப்பு."

அவள் சொன்னதை அவர் மெல்ல வாங்கிக்கொண்டார். முகம் மாறியது. "ஏய், இது வெளிய தெரிஞ்சா உன்னை இல்ல தொங்கவிடுவாங்க? அந்த மேலாளரு உன்னை அனுப்பக் காரணம் தேடிட்டிருக்கான். பேசாம ஒண்ணு பண்ணு. கார்டுல கண்டதுங்கறதை அடிச்சுட்டுச் சொன்னதுன்னு எழுதிடு. எவன் அதைத் திறந்து பார்க்கப் போறான்? நானா சொல்லப் போறேன்?"

அவள் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். கார்டை எடுத்து மேசையில் வைத்தாள். பத்து வருஷமாக அவள் வாங்குவது ஒரே மை, ஒரே நீலம். பழைய கார்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினால் போதும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எடுத்துக் காட்டி, இதோ பாருங்கள், முதலிலிருந்தே சொன்னது என்றுதான் இருக்கிறது, நீங்கள்தான் கேட்கவில்லை என்று சொல்லலாம். நூற்றுப் பத்தொன்பது இதழும் பிழைக்கும். அவளும் பிழைப்பாள். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

புதுக் கார்டை எடுத்தாள். 2191 என்று எழுதினாள். சிட்டு என்று எழுதினாள். பேனா அங்கேயே நின்றது.

சிட்டு செத்தாள் என்று வெல்டரிடம் சொன்னது யார்? கம்பெனி. ஒரு பதிவேட்டில் ஒரு வரியை மாற்றி எழுதியது. அதைத்தான் பத்து வருஷமாகத் திகில் என்று அச்சடித்து விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவள் எழுதிய புதுக் கார்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பழையதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மிச்ச நாள் முழுக்கத் திரைக்கதையை வரிவரியாகப் படித்தாள். அறுபத்தெட்டாம் பக்கத்தில் ஒரு வரியில் அவள் விரல் நின்றது. அலமாரியைத் திறந்து இன்னொரு கார்டை எடுத்தாள். திரைக்கதையையும் அந்தக் கார்டையும் அருகருகே வைத்து வருஷத்தைப் பார்த்தாள். உடனே கிடங்குக்கு இறங்கி அந்த இதழையே எடுத்துப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணி. மேலாளர் அறையில் மூன்று நாற்காலி. இயக்குநர் ஜன்னலோரம் நின்றார், உட்காரவில்லை. அறிவிப்பு மேசை நடுவில் கிடந்தது, அச்சுக்கூடத்தின் ரப்பர் முத்திரை விழுந்திருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"சொல்லுங்க மேடம்" என்றார் மேலாளர்.

அவள் பக்கத்தை விரித்து வைத்தாள். "சிட்டு செத்ததை யாரும் பாக்கல. வெல்டரும் பாக்கல, வாசகரும் பாக்கல. கம்பெனிக்காரன் சொன்னான், அவ நம்பினா. அந்தத் துணிக்குள்ள இருந்தது வேற யாரோ. சிட்டு உயிரோட இருக்கலாம். ஒரு இதழும் பொய்யாகாது."

இயக்குநர் குனிந்து படத்தைப் பார்த்தார். "ஆனா புதன்கிழமை நீங்களே முடியாதுன்னீங்களே அக்கா?"

இதுதான் அந்த இடம். அவள் பையிலிருந்து கார்டை எடுத்துப் பக்கத்தின்மேல் வைத்தாள்.

"என் கார்டுல கண்டதுன்னு இருக்கு. அது என் தப்பு. பிரதியைப் பார்த்து எழுதிட்டேன், பக்கத்தைப் பார்க்கல."

மேலாளர் கார்டை எடுத்தார். நிதானமாகப் படித்தார். "பிரதியில முகம் தெரியணும்னு இருந்திருக்கு. ஓவியர் வரையல. அப்ப தப்பு ஓவியருதுதானே?"

"இல்ல சார். அச்சுல வந்ததுதான் வரலாறு. அவர் வரைஞ்ச பக்கம் சரி. கார்டுதான் தப்பு."

"சரி. அம்மாவுக்கு மக செத்துட்டான்னு நினைப்பு. அதுக்கப்புறம் நூத்துப் பதினெட்டு இதழ் அவ பழி வாங்கறா. படத்துக்கும் அதுக்கும் வேற எங்கயும் இடிக்கலையா?"

"ஒரு இடம் இடிக்குது." அவள் இயக்குநரைப் பார்த்தாள். "உங்க திரைக்கதையில சிட்டு பதினெட்டு வயசு வரைக்கும் கம்பெனி விடுதியில வளர்றா. எந்த விடுதி?"

"ஏழாம் வளையம். அங்கேருந்து விண்படகுல தப்பிச்சு வர்றா."

"பதினெட்டு வயசுன்னா 2199. அந்த வருஷம் ஏழாம் வளையத்துல என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?"

"தெரியாது. என்ன?"

"எரிஞ்சுபோச்சு. நூத்தம்பதாம் இதழ். முந்நூத்து நாப்பது பேர் உள்ள. உள்ள மாட்டினவங்க ஒருத்தரும் மிஞ்சல."

"யாரு கொளுத்தினது?"

இயக்குநரே கணக்குப் போட்டுக்கொண்டார். முதல் தடவையாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அம்மாவா?"

"மகளைக் கொன்னவங்களோட இடம்னு கொளுத்தினா. மக உள்ளதான் இருந்திருக்கா. அவ கொளுத்தினது கண்டது சார். இதுக்கு நான் பக்கத்தை எடுத்து மூணு தடவை பார்த்துட்டேன். ஒரே ஒரு படகு வெளிய போகுது, நாப்பத்தோராம் பக்கம், மூலையில. யாரு அதுல இருக்கான்னு காட்டல. உங்க சிட்டு அதுல இருக்கலாம். படகு ஜன்னல் வழியா அவ அந்த நெருப்பைப் பார்த்திருப்பா. யாரு வெச்சதுன்னு அவளுக்குத் தெரியாது."

இயக்குநர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"படத்துல ரெண்டு பேரும் சந்திக்கறப்ப அம்மாவுக்கு வயசு என்ன?"

"காலண்டர்ப்படி அம்பத்தொம்பது. உடம்புக்கு நாப்பத்தொண்ணு. உறைதூக்கத்துல பதினெட்டு வருஷம் போச்சு. மகளுக்கு முப்பத்திரண்டு. பாக்க அக்கா தங்கச்சி மாதிரி இருப்பாங்க."

"எங்கிட்ட அவங்க சந்திக்கற சீன் ஒண்ணு இருக்கு. கட்டிப்புடிச்சு அழறாங்க. குப்பை. அதைத் தூக்கிப் போடணும்." அவர் மேலாளர் பக்கம் திரும்பினார். "சார், எனக்கு அந்த நூத்தம்பதாம் இதழ் வேணும். அது நடக்கலன்னு நீங்க போடாதீங்க. போட்டா என் படத்துக்கு முதுகெலும்பு இல்ல."

மேலாளர் அறிவிப்பைத் தொடவில்லை. அவர் கண் கார்டின்மேல் இருந்தது. சோப்பு விற்றவர் என்றாலும் சரக்கில் ஓட்டை எங்கே என்று பார்க்கத் தெரிந்தவர்.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. இதே மாதிரி பக்கத்தைப் பாக்காம எழுதின கார்டு வேற இருக்கா?"

இல்லை என்று சொன்னால் முடிந்தது. கேட்டவருக்குத் தெரியாது. மைக்காரருக்கே தெரியாது. அவளைத் தவிர ஓர் உயிருக்குத் தெரியாது. இயக்குநர் ஏற்கெனவே அவள் பக்கம் சாய்ந்துவிட்டார். ஒரு சொல், அதோடு வீட்டுக்குப் போகலாம்.

"இருக்கு" என்றாள். "நாலு இதழ். தொண்ணூத்தி நாலுலேருந்து தொண்ணூத்தேழு வரைக்கும். மொத்தம் இருநூத்து முப்பது கார்டு. அந்த நாலு மாசம் எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. ஆனா அது காரணம்தான், சாக்கு இல்ல. அதுல எத்தனை தப்புன்னு எனக்குத் தெரியாது."

இயக்குநர் அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், ஏன் சொன்னீங்க என்பதுபோல.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நாலே முக்கால். அறிவிப்பை எடுத்தார், நாலாக மடித்தார், சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். கிழிக்கவில்லை.

"இந்த மாசம் போகாது. அந்த இருநூத்து முப்பதையும் பக்கத்தோட வெச்சுப் பார்த்து, திங்கள்கிழமை காலையில எனக்குப் பட்டியல் வேணும். ஒண்ணையும் மறைக்காம. இன்னொண்ணு. இதுவரைக்கும் உங்க ஒரு கையெழுத்துல கதை அச்சுக்குப் போச்சு. இனிமே போகாது. உங்களுக்கு மேல ஒருத்தர் பார்ப்பாரு. நான் ஆள் போடறேன். வருத்தப்படாதீங்க."

"வருத்தம்தான் சார்" என்றாள் அவள். "ஆனா நியாயம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் கிடங்கில் உட்கார்ந்தாள். கேட்காமலே மைக்காரர் வந்தார். அவர் பக்கத்தைப் பார்த்துச் சொல்ல, அவள் கார்டைப் படித்தாள். "நீ என் பேரைச் சொல்லலையாமே" என்று ஒரு தடவை கேட்டார். "சொல்றதுக்கு என்ன இருக்கு, பக்கத்தைத் திருப்புங்கண்ணே" என்றாள். கணவர் மத்தியானம் டப்பாவில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர்கள் ஒரு செத்தவனின் விரலை எண்ணிச் சண்டைபோடுவதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "பைத்தியம் ஒண்ணுன்னு நினைச்சேன், ரெண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இருநூற்று முப்பதில் ஒன்பது தப்பு. ஏழு சில்லறை: கதவு எண், துப்பாக்கியின் நிறம், யார் இடது கையால் எழுதுகிறார் என்பது. எட்டாவது கொஞ்சம் பெரியது, ஆனால் சமாளிக்கலாம். ஒன்பதாவது ஒரு டாக்டரைப் பற்றியது. கூட இருந்தவர்களை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக் காட்டிக்கொடுத்தவன் என்று கார்டு சொன்னது, அறுபது இதழில் அவனை அப்படித்தான் எல்லாரும் காறித் துப்பியிருந்தார்கள். அச்சான பக்கத்தில் அவன் கதவைப் பூட்டவே இல்லை. பூட்டியது வேறு கை. கையுறை போட்ட கை.

"யாரு கை இது?" என்றாள்.

மைக்காரர் நெடுநேரம் பார்த்தார். "சத்தியமா ஞாபகமில்லம்மா."

திங்கள்கிழமை ஒன்பது மணிக்கு ஒன்பது வரியில் பட்டியலை மேலாளர் மேசையில் வைத்தாள். அவர் படித்தார். ஒன்பதாவது வரியில் கொஞ்சம் கூடுதலாக நின்றார். அவளுக்குமேல் போட்டிருந்த புது ஆளை அறிமுகப்படுத்தினார். முன்பு வானொலிப் பிரிவில் இருந்த ஒரு பெண், முப்பது வயது, அவளைவிட நாலு வார்த்தை கம்மியாகப் பேசுகிறவள். இரண்டு பேரும் மூன்றாம் மாடிக்கு ஏறினார்கள். அறையில் இருந்தது ஒரே நாற்காலி. வருஷக்காரி பக்கத்து அறைக்குப் போய் முதுகில்லாத ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஸ்டூலைச் சுவரோரம் போட்டுத் தான் உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, நீங்க இதுல உட்காருங்க" என்றாள் அந்தப் பெண், கூச்சப்பட்டு.

"அது மேல பாக்கறவங்க நாற்காலி. உட்காரும்மா. முதல்ல அந்த டாக்டர். அறுபது இதழ் இருக்கு, அவன் மேல துப்பினதையெல்லாம் துடைக்கணும்."